இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டுமா? இளங்கலை மாணவர்களும் ஆய்வு வாய்ப்பும்

1981-ஆம் ஆண்டுக்கு முன் நாட்டின் பல செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் மகரந்தத் தூளைக் கையால் தூவித்தான் குலை பிடிக்க வைத்தார்கள். அவ்வாண்டு கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைச் சேர்ப்பதில் பூச்சிகளின் பங்கு பெரிது என்று கண்டறிந்த ஆய்வின் பலன் அது. தோட்டத்து வாழ்க்கையையே மாற்றிய ஆய்வுத்துறை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் எட்டாத தூரத்தில் இருப்பது ஏன்?

மலாயா, கெபாங்சான், புத்ரா, சைன்ஸ் பல்கலைக்கழகங்கள் 2006-இலும், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2010-இலும் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. ஆயினும் இளங்கலை மாணவர் பலர் ஆய்வை முதன்முதலில் தொடுவது இறுதியாண்டுத் திட்டத்தில்தான். முதுகலைக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கும் நேரமும் அதுவே. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய விரிவுரையாளருக்கு அந்த மாணவரைச் சரியாகத் தெரிந்திருக்காது.

முன்னரே ஆய்வுக்கூடத்தில் கால் வைத்தவரின் நிலை வேறு. பரிசோதனை தோற்றால் காரணம் தேடவும், தரவுகளை ஒழுங்குபடுத்தவும், கண்டதை எழுதவும் அவர் பழகியிருப்பார். மேற்படிப்பு தமக்கு ஒத்துவருமா என்பதையும் அறிந்திருப்பார்.

தடை திறமையில் இல்லை. இத்தகைய வாய்ப்புகள் பெரும்பாலும் விளம்பரமின்றி, கேட்பவருக்கே கிடைக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைக்கு, விரிவுரையாளரின் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்பதே தெரிவதில்லை. பிடிபிடிஎன் கடனில் படிப்பவர் விடுமுறையில் பேரங்காடியில் வேலை செய்தால் கையில் பணம் வரும். சம்பளமில்லாத ஆய்வு வசதியுள்ளவருக்கே கட்டுப்படியாகும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969-இல் தொடங்கிய இளங்கலை ஆய்வுத் திட்டத்தில் மாணவர்கள் ஊதியமோ பாடப்புள்ளியோ பெறலாம். இங்கும் ஆய்வு மானியத்தில் ஒரு சிறு பகுதியை இளங்கலை மாணவரின் ஊதியத்துக்கு ஒதுக்கி, காலியிடங்களை வெளிப்படையாக அறிவித்தால் பாதித் தடை நீங்கும்.

மீதிப் பாதி நம் கையில். இரண்டாம் ஆண்டிலேயே விரிவுரையாளரின் ஆய்வைப் படித்து, "உதவிக்கு ஆள் தேவையா?" என்று மாணவர்கள் எழுதிக் கேட்கலாம். மறுத்தால் நட்டமில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வராமல் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை என்பதைப் பெற்றோரும் புரிந்துகொள்ள வேண்டும்.