குருவின் பட்டை எங்கே போயிற்று?

கும்பகோணத்திற்குப் பக்கத்திலுள்ள ஆலங்குடிக்கு ஆண்டுதோறும் குருப்பெயர்ச்சியன்று தஞ்சை, திருவாரூர் ஜில்லாக்களின் உழவர்கள் சாரிசாரியாகப் போய், மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் சாத்திவிட்டு வருகின்றார்கள். குருவுக்கு நிறம் மஞ்சளாம். மஞ்சள் கண்டால் மகிழ்வாராம். இந்த நிறச் சங்கதியையே சற்று விசாரிப்போம்.

வியாழன் என்பது பூமியைப் போல் 11 மடங்கு குறுக்களவுள்ள வாயுக் கோளம். நாம் காண்பதெல்லாம் அதன் மேகங்களே. சிறு தொலைநோக்கியில் பார்த்தாலும் வெளிறிய மேகங்களுக்கிடையே இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும். அவற்றுள், பூமியைவிட அகலமான தெற்குப் பட்டை 2010-ம் ஆண்டில் வெளுத்து மறைந்தே போயிற்று! பழுப்பு மேகத்திற்கு மேலே அம்மோனியா உறைந்து வெள்ளை மேகமாக மூடிக்கொண்டதுதான் காரணம். 1973-லும் இப்படி மறைந்ததுண்டு. 2010 நவம்பரில் அங்கே புதிய மேகமொன்று குமுறிக் கிளம்புவதைப் பிலிப்பைன்ஸ் தேசத்துக் கிறிஸ்டோபர் கோ என்பவர், வானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், கண்டு உலகுக்கு அறிவித்தார். பிறகு பட்டை மெல்லத் திரும்பி வந்தது.

நாம் கேட்கின்றோம்: குருவின் அரைத்துணியே காணாமற்போன அந்த ஆண்டில் எந்த ராசிக்காரன் வேட்டியை இழந்தான்? மஞ்சளுக்குப் பதில் வெள்ளை சாத்துங்கள் என்று எந்தச் சோதிடராவது சொன்னாரா? பஞ்சாங்கத்தில் குரு இன்ன ராசியில் நிற்கின்றார் என்ற இடக்கணக்கு உண்டேயொழிய, அவர் எப்படியிருக்கின்றார் என்று பார்க்கும் வழியே கிடையாது. வானநூலாரோ அந்தப் பழுப்பை உண்டாக்கும் இரசாயனப் பொருள் இன்னதென்று இன்னும் முடிவாகவில்லை என்று கூசாமல் ஒப்புக்கொள்ளுகின்றார்கள். சோதிடர் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்து கேட்டவருண்டா?

இன்னொரு வேடிக்கை. ஆலங்குடியில் மாலை வாங்கிக்கொள்ளுபவர் தட்சிணாமூர்த்தி. அவர் சிவன் வடிவம். தேவகுருவான வியாழன் வேறு என்று சைவப் பெரியவர்களே சொல்லிவருகின்றார்கள். கடிதம் விலாசம் தவறிப் போனாலும் தபால் கூலி மட்டும் தவறாமல் வசூலாகின்றது!

நிற்க. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கப்படவில்லை. ஆற்றுநீரை நம்பிய குறுவை போயிற்று. அந்த எட்டு ஆண்டும் குரு தவறாமல் பெயர்ந்தார், மாலைகளும் விழுந்தன. தண்ணீரோ குடகு மலை மழையையும், நடுவர் மன்றத் தீர்ப்பையும், அதை நிறைவேற்றவேண்டிய சர்க்கார்களையும் பொறுத்தே நின்றது. மேட்டூர் மதகின் சாவி, கிட்ட வரும்போதுகூட 58 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மேகக் கோளத்தில் தொங்குவதாகச் சொல்லி, குறுவை இழந்தவனிடமே பரிகாரக் காசு கேட்பவர்கள், அந்தச் சாவியை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.