வக்கீல் புத்தகசாலையும் கணினியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உலக வழக்கு. வக்கீல் தொழிலினர்க்கோ ஏட்டுச் சுரைக்காயே கறி. ஒருவர் நாவன்மை எத்துணைச் சிறந்ததாயினும், "எந்த ரிப்போர்ட்டு? எந்தப் பக்கம்?" என்று நியாயாதிபதி வினவுங்கால் விடை கூற இயலாதாயின், அந்நாவன்மை அக்கணமே பயனற்றொழியும். ஆதலின் ஒரு வக்கீல் காரியாலயத்தின் உண்மைச் செல்வம் அதன் அலமாரிகளிலேயே உள்ளது எனல் மிகையாகாது. அவ்வலமாரிகளைக் கணினியின் ஆளுகைக்கு ஒப்புவிக்கும் காரியம் இந்நாளிற் பல காரியாலயங்களில் நடைபெற்று வருகின்றது. அது வேண்டத்தக்கதே. ஆயினும் எதனை முதலிற் செய்து எதனைப் பின்னர்ச் செய்தல் வேண்டும் என்பதிற் பலர் வழுவுகின்றனர் என்பது எமது அபிப்பிராயம். இதனைப் பிறர் வாய்க் கேட்டு எழுதினேனல்லேன். யானே வழுவி அறிந்தது.

யான் அம்மையார்குப்பத்திற் பிறந்தவன். திருத்தணியை அடுத்து, ஆந்திர நாட்டெல்லைக்கு அணித்தாய், தறியோசை ஓயாத ஊர் அது. இக்கல்லூரியிற் பயின்று, பின்னர்ச் சட்டமும் கற்று, சென்னையில் ஒரு காரியாலயத்தில் ஜூனியராக அமர்ந்தேன். அங்கே மூன்று அறைகள் நிறைய நூல்கள். 1876-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை வரிசை இந்தியன் லா ரிப்போர்ட்டுகள், 1891-இல் தோன்றிய மதராஸ் லா ஜர்னல், 1914 முதலான தீர்ப்புகளை உடைய ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் ஆகியவை பைண்டு செய்யப்பட்டுச் சுவர்தோறும் நின்றன. இவற்றிற்கெல்லாம் அட்டவணை, மரப்பெட்டியிற் கிடந்த சில நூறு அட்டைகளும், காரியாலயத்து மூத்த குமாஸ்தாவின் தலையுமே. அட்டைகளிற் பாதிக்குமேல் எழுத்து மங்கியவை. ஆகவே வேலையெல்லாம் அவர் தலையே செய்து வந்தது.

இந்நிலையில் நூலக மேலாண்மை மென்பொருள் ஒன்று வாங்கப்பட்டது. புத்தகந்தோறும் கோடிட்ட சீட்டு ஒட்டினோம். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, அலமாரி எண் ஆகியவற்றை மூன்று திங்களிற் பதிவு செய்து முடித்தோம். முக்கியமான தீர்ப்புகளுக்குப் பொருட்பெயர் இட்டவன் யான். விரைவாக முடித்ததற்காக எமக்குப் பாராட்டும் கிடைத்தது. மூத்த குமாஸ்தாவை மட்டும் எவரும் ஒன்றும் கேட்டிலர். அவர்க்குக் கணினி தெரியாது என்பதே காரணம்.

சில நாளில் எம் பக்கத்து அம்மையார் ஒருவர் வந்தார். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், வினீதா சர்மா வழக்கில், மகளும் மகனைப் போலவே பிறப்பினால் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை உடையவள் என்றும், 2005-இல் தந்தை உயிரோடிருந்திருத்தல் வேண்டுவதில்லை என்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அச்செய்தியைப் பத்திரிகையிற் கண்டு நம்பிக்கை கொண்டு வந்தவர் அவர். திருமணமானது 1987-இல்; தந்தையும் தமையன்மாரும் பாகப்பிரிவினைப் பத்திரம் ரிஜிஸ்தர் செய்துகொண்டது 1995-இல். பத்திரத்தில் இவர் பெயர் இல்லை.

யான் கணினி முன் அமர்ந்து, "மகள் பங்கு" எனத் தட்டினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தீர்ப்பு தோன்றியது. 1985-க்குப் பின் மணமான மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்திற் பங்குண்டு எனக் கூறும் ஆந்திர ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு அது. எம்மூர் முன்னாளில் ஆந்திரத்தைச் சார்ந்திருந்தது என்பதை யான் நன்கறிவேனாதலின், அத்தீர்ப்பு எமக்கும் பொருந்தும் எனத் துணிந்து, வழக்கு மனுவின் நகலையும் எழுதத் தொடங்கிவிட்டேன். தேநீர் கொணர்ந்து வைத்த மூத்த குமாஸ்தா, மேசைமேற் கிடந்த தாளை எட்டிப் பார்த்தார். "நம்ம ஊர்ப்பக்கம் அறுபதிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டதே, தம்பி! இந்தத் திருத்தம் எண்பத்தைந்தில் அல்லவா பிறந்தது? இது நகரிக்காரருக்கு ஆகும்; அம்மையார்குப்பத்தாருக்கு ஆகாது" என்றார்.

அவர் கூறியதன் பொருளை வாசகர் உணர வேண்டுமாயின் எம்மூர்ப்பக்கத்தின் சரித்திரத்தைச் சிறிது கூறல் வேண்டும். திருத்தணிப் பகுதி முன்னர் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து, 1911-இல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது அதனுட் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது ஜில்லாவோடு தானும் சென்றது. 1954 ஜூலையிற் குண்டூரில் ஆந்திர ஹைக்கோர்ட்டு நிறுவப்படும் வரையில் எம் மக்களின் அப்பீல் சென்னைக்கே வந்தது; அதன்பின் குண்டூருக்கும், 1956 நவம்பர் முதல் ஹைதராபாதுக்கும் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பின்னர், படாஸ்கர் முடிவின்படி இயற்றப்பட்ட சட்டத்தினால், 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்திற்கு மீண்டது. ஏழாண்டிற்குள் மூன்று நகரங்களின் ஹைக்கோர்ட்டுகள்! எல்லை மாறினும், அதுகாறும் ஆங்கு வழங்கிய சட்டம், உரிய சட்டசபை மாற்றும் வரையில் தொடர்ந்து வழங்கும் என்பது இத்தகைய சட்டங்களில் வழக்கமாகக் காணும் ஏற்பாடு. ஆகவே எம்மூர் நிலவழக்கு ஒன்றினை நடத்துவோர், "அந்நாளில் இம்மண்ணில் எச்சட்டம்?" என்னும் வினாவினின்று தொடங்காராயின் திசை தவறுவர்.

பெண்களின் பங்கு இதற்குத் தக்க சான்று. ஆந்திர சட்டசபை செய்த திருத்தம் 1985 செப்டம்பர் 5 முதல் வழங்கியது. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச்சு 25 முதல் வழங்கியது. தத்தம் திருத்தம் நடப்புக்கு வருமுன் மணமான மகளிரை இரண்டும் விலக்கின. 1987-இல் மணம் நடந்ததாயின், நகரியிற் பிறந்த வீட்டையுடையாள் பங்காளி. அம்மையார்குப்பத்திற் பிறந்த வீட்டையுடையாள் பங்காளியல்லள். இடையே உள்ளது சில மைல் தூரமே. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் 2004 டிசம்பர் 20-ஆம் நாளுக்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினையை அது தொடாது விட்டது. எம்மிடம் வந்த அம்மையாரின் குடும்பப் பத்திரமோ 1995-ஆம் ஆண்டினது.

யான் எழுதிய மனுவைக் கிழித்தெறிந்தேன். பின்னர் மூத்த குமாஸ்தாவே பத்திரத்தை வரிவரியாய்ப் படித்து, தந்தைக்கென ஒதுக்கிய பாகம் ஒன்று இருப்பதையும், அவர் உயில் எழுதாது காலமானமையால் அப்பாகம் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டத்தின்படி மகள் உட்பட வாரிசுகள் அனைவரையும் சாரும் என்பதையும் காட்டினார். அம்மையார் நாடி வந்ததனினும் அது சிறிதே. ஆயினும் கோர்ட்டில் நிற்கத்தக்கது. யான் முன்னர் எழுதிய மனுவை நம்பியிருப்பாராயின் கோர்ட்டுக் கட்டணமும் கொடுத்து, உள்ள பங்கையும் கேளாது விட்டிருப்பார்.

இது நிற்க. இதிற் கணினியின் குற்றம் யாது? ஒன்றுமில்லை. யான் "மகள் பங்கு" எனப் பெயரிட்டேன். அது "மகள் பங்கு" என்பதைக் கொணர்ந்தது. எந்நாட்டுச் சட்டம், எந்நாள் முதல் எந்நாள் வரை என்னும் இரண்டினையும் யான் பதிந்திலேன். மென்பொருளிலும் அவற்றிற்கெனக் கட்டம் இல்லை. வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. அலமாரி எண்ணுக்கு மட்டும் கட்டம் இருந்தது! புத்தகம் எங்குள்ளது என்பதறியாத வக்கீல் அரைமணி நேரத்தை இழப்பார். அதிலுள்ள சட்டம் எங்கு, எந்நாளிற் செல்லும் என்பதறியாத வக்கீலால் கட்சிக்காரர் தம் நிலத்தையே இழப்பர்.

இதனை உணர்த்தற்கு நாம் வெளிநாடு செல்லவேண்டுவதில்லை. 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக அமர்ந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் வகுப்பு முறை நம்மிடமே தோன்றியது. பிற்காலத்தில் அவர் எப்பொருளையும் ஆராய்தற்கு வகுத்த ஐந்து அடிப்படைகளுள் இடமும் காலமும் இரண்டு. சட்டத்திற்கு இஸட் என்னும் எழுத்தைக் கொடுத்து, அதனை அடுத்து எந்நாட்டாரின் சட்டம் என்பதைக் குறிக்கச் செய்தார். கணித ஆசிரியராயிருந்து நூலகரானவர் கண்டுகொண்ட இந்நுட்பத்தை, சட்டமே தொழிலாயுள்ள யாம் மூன்று திங்கள் உழைத்தும் காணவில்லை. வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துக என்பது அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. யாம் அதனைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் விரைவு என்று பொருள் கொண்டோம்.

எல்லையூருக்கு மட்டுமே உரிய சங்கடம் இது எனக் கருதுவாரும் உளர். அற்றன்று. 2024 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதுமே ஒரு எல்லையூராகிவிட்டது. 1860-ஆம் ஆண்டுப் பீனல் கோடின் இடத்தில் பாரதீய நியாய சங்கிதையும், குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்திலும் சாட்சியச் சட்டத்தின் இடத்திலும் வேறு இரண்டு சட்டங்களும் வந்தன. கொலைக்குத் தண்டனை கூறும் 302-ஆம் பிரிவு இப்போது 103. ஊரார் வசைச்சொல்லாகவே வழங்கிய 420, இப்போது 318-இன் நான்காம் உட்பிரிவு. ஆயினும் அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய பீனல் கோடே இன்றும் செல்லும். பழைய நூல்களை "வழக்கொழிந்தவை" என்று கணினியிற் குறித்துப் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிய காரியாலயம் ஒன்றினை யான் அறிவேன். அதன் ஜூனியர்கள் அப்புத்தகங்களை இப்போது அயலாரிடம் இரவல் வாங்குகின்றனர்.

எம்மூரார் நெசவாளராதலின் யான் இதனைத் தறியின்மேல் வைத்தே எண்ணுகிறேன். சேலையின் கரையிற் பூவேலை செய்யும் தறியில் ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் சுழலும். பிரான்சு தேசத்தில் 1804-ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய அவ்வட்டையே, 1890-இல் அமெரிக்க ஜனக்கணக்கு இயந்திரத்தின் அட்டைக்கு வழிகாட்டி, கணினிக்கு ஒருவகையில் மூதாதையாயிற்று. ஒரு துளை தவறினால் ஒரு பூ மட்டுமா கெடும்? அவ்வட்டை சுழலுந்தோறும், சேலைதோறும், அதே பூ அதே இடத்திற் கெடும். ஆகவே அட்டை வெட்டுமுன் வரைபடத்தை அனுபவசாலி ஒருவர் பார்த்தல் எங்கள் ஊர் வழக்கம். முதியவர்க்குத் துளையிடும் கருவி தெரியாது என்று அவரை விலக்குவார் எவருமில்லர்.

மென்பொருளைத் தேர்தலிற் பெருந்தொகை செலவிடவேண்டும் என்பதும் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூஜிலாந்து தேசத்தின் ஒரு சிற்றூர் நூலகக் கூட்டத்தார் நடப்புக்குக் கொணர்ந்த கோஹா என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருளாம். நம் அரசாங்கத்தின் தேசீயத் தகவலியல் மையம் ஆக்கிய ஈ-கிரந்தாலயாவும் உண்டு. எதனை எடுத்தாலும், நாளை வேறொன்றுக்கு மாறுங்கால் நம் பதிவுகளை முழுதும் வெளியே எடுத்துச் செல்ல இயலுமா என்று முதலிற் கேட்டல் வேண்டும். இயலாதாயின், விற்றவரின் கடை மூடும் நாளில் நம் அட்டவணையும் மூடப்படும்.

மற்றொரு காரியம் எவரும் எண்ணாதது. வக்கீல் காரியாலயத்தில் யார் எந்நூலை எடுத்தார் என்னும் இரவற் கணக்கே ஓர் இரகசியம். ஒரு பெரிய வியாபாரியின் வக்கீல் திடீரெனப் பாப்பர் சட்ட நூல்களை அடுக்கடுக்காய் எடுப்பாராயின், அக்கணக்கைக் காண்போர் அவ்வியாபாரியின் நிலைமையை ஊகித்துவிடுவர். கட்சிக்காரர் வக்கீலிடம் கூறியது வெளிவரலாகாது எனச் சாட்சியச் சட்டம் காத்து நிற்க, நாமோ அதன் நிழலை அயலார் கணினியில், அயலார் பூட்டின்கீழ் வைத்துவிடுகிறோம்.

அலமாரியே வேண்டா, கணினியைக் கேட்டால் தீர்ப்பைத் தானே கூறுமே என்பர் இளைஞர். சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புத் தொகுதியை 2023 முதல் எவரும் விலையின்றிப் படிக்க வைத்துள்ளமை பெரும் நன்மையே. ஆனால் அதே ஆண்டில் நியூயார்க்கு நகரில் வக்கீல்கள் இருவர், செயற்கை அறிவுக் கணினி புனைந்து கூறிய தீர்ப்புகளை மெய்யெனக் கோர்ட்டில் எடுத்துக்காட்டி, 5,000 டாலர் அபராதத்திற்கு உள்ளாயினர். அத்தீர்ப்புகள் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பின் ஐந்து நிமிஷத்தில் அறிந்திருப்பர்.

எம் காரியாலயத்தில் இப்போது பதிவுகளை மீண்டும் செய்து வருகிறோம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் எந்த ராஜ்யம், எந்நாள் முதல், எந்நாள் வரை, பின்னர் எதனால் மாறியது என்று நான்கு கட்டங்கள் சேர்த்துள்ளோம். ஒரு நாளைக்கு நாற்பதுக்குமேல் முடிவதில்லை. முன்னர் ஒரு நாளில் முந்நூறு முடித்தோம். மூத்த குமாஸ்தா நாற்காலியிற் சாய்ந்து கூற, யான் தட்டச்சு செய்கிறேன். 1953 முதல் 1960 வரையில் எங்கள் பக்கத்து வழக்குகளை மட்டும் அவர் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அவற்றைச் சனிக்கிழமைகளிற் பார்க்கிறோம்.