அகலமான சவரக்கத்தி கூர்மையானதா?

முடிதிருத்தும் கடையில் முகச்சவரம் செய்வதை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். மடக்கி விரிக்கும் அந்த நீளக் கத்தியில் இரண்டு வகை உண்டு. நம் ஊர்க் கடைகளில் இன்று பெரும்பாலும் இருப்பது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது பிளேடு மாற்றும் வகை. நான் பேச வந்தது பழைய வகையைப் பற்றி. ஒரே எஃகுத் துண்டில் செய்து, கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பயன்படுத்துவது அது. ஜெர்மனியின் சோலிங்கனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் அதற்குப் பெயர்பெற்ற ஊர்கள்.

இக்கத்திகளின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வது வழக்கம். 4/8 ஒல்லி. 5/8, 6/8 நடுத்தரம். 8/8 என்றால் முழுதாக ஓர் அங்குலம். பார்க்கவே குட்டி வெட்டுக்கத்தி மாதிரி இருக்கும். பெரிய கத்திதான் கூர்மை, அதுதான் வழுவழுவென்று மழிக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. மீசை அரும்பும் வயதில் இருக்கும் உங்களுக்கும் யாராவது சொல்லக்கூடும். என்னைக் கேட்டால், அந்தப் பேச்சில் பாதி தவறு.

முதலில் கூர்மை. தீட்டும்போது கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைப்பார்கள். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். ஆகவே விளிம்பின் கோணத்தை முதுகின் தடிப்பும் கத்தியின் அகலமும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. 16 மில்லிமீட்டர் அகலம், அதாவது 5/8. முதுகு 5 மில்லிமீட்டர். முக்கோணம் வரைந்து அளந்து பாருங்கள், கோணம் சுமார் 18 பாகை வரும். 8/8 கத்தியில் அதே கோணம் வேண்டுமானால் முதுகு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரிய கத்திக்குத் தடித்த முதுகு வைப்பது அழகுக்காக அல்ல. முடியைச் சந்திக்கும் ஆப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

கூர்மை மழுங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிற கதை. முடி, பிளேடு எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் அது விளிம்பிலிருந்து நுண்ணிய துணுக்குகளைப் பெயர்த்துவிடுவதை 2020-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த அளவில் கத்தி எத்தனை அங்குல அகலம் என்பதற்கு என்ன வேலை?

பிறகு கை உணர்வது எதை? எடையை. உருவம் மாறாமல் 5/8-ஐ 8/8 ஆக்கினால் அகலமும் தடிப்பும் 1.6 மடங்காகும், குறுக்குவெட்டுப் பரப்பு 2.56 மடங்காகும். நீளம் அதேதான் என்றால் பொருண்மையும் 2.56 மடங்கு. பொருண்மை கூடினால் நிலைமமும் கூடும். வழியில் ஒரு முரட்டு முடி தடுத்தாலும் கத்தி அவ்வளவு எளிதில் தயங்காது, கை அழுத்த வேண்டிய தேவையும் குறையும். லேசான கத்தியைப் பிடிக்கும் புதியவர், வெட்டவில்லையே என்று அழுத்துவார். தோலைக் கிழிப்பது பெரும்பாலும் அந்த அழுத்தம்தான். பெரிய கத்தி வழுவழுப்பு என்பதில் இருக்கும் உண்மை இவ்வளவே.

ஆனால் எல்லாக் கத்தியும் ஒரே உருவம் இல்லை. சிலவற்றின் இரு பக்கங்களையும் உட்குழிவாகக் குடைந்து, விளிம்புப் பகுதியைத் தாள்போல் மெலிதாக்கிவிடுவார்கள். எடை குறையும், வளைவு கூடும். இதை உணரக் கத்தியைத் தொட வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் போதும். மேசை ஓரத்தில் ஒரு பகுதியை வெளியே நீட்டி, மறுமுனையை இறுகப் பிடித்து, நுனியைச் சுண்டுங்கள். பிறகு ஒன்றரை மடங்கு நீட்டிச் சுண்டுங்கள். ஒலி தாழும். அதே விசைக்கு நுனி மூன்று மடங்குக்கும் மேல் வளையும், ஏனெனில் வளைவு நீளத்தின் மும்மடிக்கேற்பக் கூடுகிறது. மேசைதான் கத்தியின் முதுகு. வெளியே நீட்டிய பகுதிதான் அதன் அகலம். ஆகவே குழிவாகக் குடைந்த அகலக் கத்தி முகத்தில் நெளியும், முடியை வெட்டும்போது மெல்லப் பாடவும் செய்யும். குடையாத தடித்த 8/8 கத்தியோ சத்தமே இல்லாமல் உழும். இரண்டும் ஒரே எண். ஆனால் கைக்கு இரண்டும் வேறு கத்திகள்.

அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்துக் கத்தியை எடைபோடுவதை நான் ஏற்பதில்லை. எப்படிக் குடைந்தது, எப்படித் தீட்டியது என்று முதலில் கேட்க வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு 5/8 அல்லது 6/8 போதும். 8/8-ஐ மூக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தவருக்குக் காரணம் தெரியும்: மூக்கு இடிக்கும்!

இன்னொன்று. தீட்டும்போதெல்லாம் முதுகும் விளிம்பும் சேர்ந்தே தேய்கின்றன. பல ஆண்டுகள் உழைத்த 6/8 கத்தி, தேய்ந்து தேய்ந்து 5/8 ஆகிவிடுவதும் உண்டு. கோணம் மட்டும் பெரிதாக மாறியிருக்காது.