காலையில் இனிப்பு சாப்பிட்டால் குற்றமா?

"காலையில இனிப்பா? அதை யாராவது சாப்பிடுவாங்களா?"

வேங்கிக்காலில் எந்த வீட்டில் கேட்டாலும் ஏறக்குறைய இந்தப் பதில்தான் வரும். இட்லி, தோசை, பொங்கல், உப்புமா. காலை டிபன் என்றால் இவ்வளவுதான். இனிப்பு என்பது தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜியோடு வைக்கும் சொஜ்ஜிக்கு. சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் இனிப்புக்கு என்ன வேலை?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வீட்டு அடுப்படியில் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் பாலில் டப்பாவில் இருந்து இரண்டு ஸ்பூன் சாக்லெட் பவுடர், "இனிப்பு பத்தலைம்மா" என்றதும் மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை. கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் அக்காவுக்கு டீயும் நாலு கிரீம் பிஸ்கெட்டும். சின்னவனுக்குப் பாலில் போட்ட சாக்லெட் சீரியல். ஆக, இனிப்பு ஏற்கனவே காலைச் சாப்பாட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பாக்கெட்டில் வந்தால் அதற்குப் பெயர் 'சத்து'. வீட்டில் செய்தால் மட்டும் "காலையில இனிப்பா?"

வேடிக்கை என்னவென்றால், இந்த டப்பா சமாச்சாரத்தை அரசாங்கமே 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒத்துக்கொள்ளவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் இருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். இத்தனை வருடம் அம்மாக்கள் நம்பிக் கலக்கிக் கொடுத்தது சட்டத்தில் பெயரே இல்லாத ஒரு பொருளை!

இது புதுப் பழக்கம் இல்லை

தமிழ் வீடுகளில் காலை உணவு எப்போதும் காரமாகத்தான் இருந்தது என்பது ஒரு மறதி. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். புட்டுக்கு வாழைப்பழம். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் காலை இலையில் கவுனி அரிசி. கேழ்வரகு விளையும் பக்கங்களில் வெல்லமும் தேங்காயும் சேர்த்த கேழ்வரகுப் புட்டு. இவை எல்லாமே இனிப்புதான், எல்லாமே காலையில் சாப்பிடுவதுதான்.

பழத்தில் செய்யும் இனிப்புக்கும் வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தை விடவா? வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடவே பேரீச்சை, கற்கண்டு. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, அடுப்பும் தேவையில்லை. 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. அதற்குப் பேர்போன விருப்பாச்சி மலை வாழைக்கு அதற்கும் முன்பே, 2008-லேயே கிடைத்துவிட்டது.

அரசுப் பள்ளிகள் கூட இதை ஒதுக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது அறிவித்த பட்டியலில், வெள்ளிக்கிழமை கிச்சடியோடு ரவா கேசரி அல்லது சேமியா கேசரியும் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் இனிப்பு இருந்தால் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

அர்ச்சனைத் தட்டில் ஒரு டிபன்

திருவண்ணாமலையைச் சுற்றி இருக்கிற வீடுகளுக்கு ஒரு தனி வசதி உண்டு. கோயிலுக்குப் போய் வந்தால் அர்ச்சனைப் பையில் உடைத்த தேங்காய் ஒரு ஜோடி, வாழைப்பழம் இரண்டு. பௌர்ணமி என்றால் உறவுக்காரர்கள் கிரிவலம் வந்து இன்னும் ஒரு சீப்பு வைத்துவிட்டுப் போவார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை செய்ய வாங்கிய அவலும் வெல்லமும் டப்பாவில் மிச்சம் இருக்கும். பிறகு என்ன நடக்கிறது? தேங்காய் சட்னிக்குப் போகிறது. பழம் மேஜை மேல் கிடந்து கறுத்து, நாலாம் நாள் மாட்டுக்குப் போகிறது.

அந்த நாலையும் ஒன்று சேர்த்தால் ஒரு டிபன். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

செய்முறை இதுதான்: ஒரு கப் கெட்டி அவலைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊற வைக்க வேண்டும் (மெல்லிய அவல் என்றால் இரண்டு மூன்று நிமிடமே அதிகம், கூழாகிவிடும்). தண்ணீரை வடித்துவிட்டு, துருவிய தேங்காய் கால் கப், நறுக்கிய வாழைப்பழம் இரண்டு, பொடித்த வெல்லம் இரண்டு டீஸ்பூன், ஏலக்காய் ஒரு சிட்டிகை, கடைசியாக வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். நெல்லை ஊற வைத்து, வறுத்து, இடித்துத்தானே அவல் ஆகிறது? அது ஏற்கனவே பாதி சமைத்த உணவு. அதனால்தான் வெறும் தண்ணீரிலேயே மெத்தென்று ஆகிவிடுகிறது.

இதில் வேர்க்கடலையை மட்டும் விட்டுவிடக் கூடாது. இனிப்பு டிபனின் பெரிய குறையே புரதம் இல்லாததுதான். வெறும் அவலும் பழமும் என்றால் பதினொரு மணிக்கு மறுபடியும் பசிக்கும். வேர்க்கடலையில் நூறு கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம். திருவண்ணாமலை மாவட்டமே மணிலாக்கொட்டைக்குப் பேர்போனது. வீட்டுக் கொல்லையில் விளைவதை விட்டுவிட்டுப் பாதாமை எண்ணி எண்ணி ஊற வைப்பானேன்?

மறுகோடியில் ஒரு கிண்ணம்

ஊரின் மறுகோடியில், செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் உள்ள சிற்றுண்டிக் கடைகளில், வெளிநாட்டுக்காரர்கள் காலையில் ஒரு கிண்ணத்தில் பழத்துண்டும் ஓட்ஸும் சாப்பிடுவதைப் பார்க்கலாம். 'மியூஸ்லி' என்கிறார்கள். பார்க்கிற உள்ளூர்க்காரருக்கு அது ஏதோ வெள்ளைக்காரப் பணக்காரச் சாப்பாடு.

அதன் கதை சுவாரஸ்யமானது. 1900-ஐ ஒட்டிய வருடங்களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்காக உருவாக்கியது. அவருடைய கிண்ணத்தில் முக்கியமானது ஓட்ஸ் இல்லை, ஆப்பிள்! தோலோடு துருவிய ஆப்பிள்தான் பெரும்பகுதி. முதல் நாள் ஊற வைத்த ஓட்ஸ் ஒரு கரண்டி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கொட்டைகள், கொஞ்சம் கெட்டிப் பால். அதாவது ஊற வைத்த தானியம், பழம், கொட்டை. அவல், வாழைப்பழம், வேர்க்கடலை. அவருக்கு அக்கம்பக்கத்தில் விளைந்ததை அவர் போட்டார். ஆனால் கடை அலமாரிக்கு வந்தபோது ஆப்பிள் காணாமல் போய், தானியமும் சர்க்கரையும் மிஞ்சின. உள்ளூர்ச் சாப்பாடு பாக்கெட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதை விடப் பாடம் வேண்டியதில்லை.

சரி, சர்க்கரை வியாதி?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடுகிற காலத்தில் இனிப்பு டிபனுக்கு வக்காலத்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கணக்கோடு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு இது: ஒரு நாளில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது 25 கிராம், சுமார் ஆறு டீஸ்பூன். இதில் கவனிக்க வேண்டியது, தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழம் வராது. பழத்தைக் கடித்துச் சாப்பிடும்போது நார்ச்சத்தும் சேர்ந்து உள்ளே போகிறது. சாறு பிழிந்து சக்கையைத் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வெல்லம் போட்டா ஒண்ணும் ஆகாது" என்பது தமிழ்நாட்டின் பெரிய பொய்களில் ஒன்று. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். மணமும் நிறமும் கொஞ்சம் தாது உப்பும் கூடுதல், அவ்வளவே. அதனால் ஒரு கப் ரவைக்கு இரண்டு கப் சர்க்கரை போடும் கேசரி, நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் பண்டிகைக்கே இருக்கட்டும். நாள் கிழமைக்கான இனிப்பு வேறு, தினப்படி இனிப்பு வேறு. தினப்படி இனிப்பில் இனிப்பைத் தர வேண்டியது பழம். வெல்லம் பெயருக்கு. ஏற்கனவே நீரிழிவு இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை நம்பிக் கிண்ணத்தை எடுக்காமல் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கைக்கு எட்டிய பழங்கள்

வாழைப்பழத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

சீத்தாப்பழம்: விதை எடுத்த சதையை ஆறிய பாலில் கலந்து குளிர வைத்தால் அதுவே பாயசம். சர்க்கரையே வேண்டாம். ஆனால் அடுப்பில் வைக்கக் கூடாது, சூடு பட்டால் கசந்துவிடும்.

அன்னாசி: பச்சையாகப் பாலில் போட்டால் திரியும், கசக்கும். அதில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதுதான் காரணம். ஒரு கொதி வேக வைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், பிறகு பயமில்லை.

பப்பாளி: எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு. பப்பாளி பிடிக்காதவர்கள் கூட ஒரு துண்டு கேட்பார்கள்.

மாம்பழம்: கோடையில் ஊற வைத்த அவலில் தேங்காய்ப்பால் ஊற்றி மேலே மாம்பழத் துண்டுகள். வெல்லம் தேவையே இல்லை.

கறுத்த வாழைப்பழம்: இதுதான் நிஜமான புதையல். பழம் கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. தோல் கறுத்த பழத்தை மசித்து, கோதுமை மாவு, ஏலக்காய் சேர்த்துத் தோசைக்கல்லில் சின்னச் சின்னதாக ஊற்றினால் வெல்லமே இல்லாத இனிப்பு அடை தயார்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் ஜவ்வாது மலையில் விளையும் சாமையையும் முயன்று பார்க்கலாம். ஒரு கப் சாமை, கால் கப் பாசிப்பருப்பு, நாலு கப் தண்ணீர், குக்கரில் நாலு விசில். மேலே பழம். சாமை என்றால் பத்தியச் சாப்பாடு என்ற நினைப்பு அன்றோடு போய்விடும்.

யார் செய்வது?

உண்மையான கேள்வி இதுதான். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊற வைத்து, அரைத்து, கரைத்து, புளிக்க விட்டு, காலையில் ஐந்தரைக்கு எழுந்து சட்னி அரைத்து... இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில். இட்லி அருமையான உணவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், அல்லது அவரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்றால், வீட்டில் எல்லோரும் பட்டினி அல்லது பிஸ்கெட். பெரும்பாலும் முதலில் பட்டினி கிடப்பவரும் அவரேதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்கு ஒரு டம்ளர் காபியோடு கிளம்புகிற அம்மாக்கள் இல்லாத தெரு உண்டா?

அவல் ஊற வைக்க அம்மா தேவையில்லை. அடுப்பு இல்லை, எண்ணெய் தெறிக்காது, கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும். ஏழாம் வகுப்புப் பையன் செய்யலாம், ஓய்வு பெற்ற தாத்தா செய்யலாம். வாரத்தில் இரண்டே நாள் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் அப்படித் தயாரானால், அந்த இரண்டு நாளும் அம்மா உட்கார்ந்து சாப்பிடுவார்.

"காலையில் இனிப்பா?" என்று கேட்கிறவர்கள், அடுத்த முறை கோயிலுக்குப் போய் வந்ததும் அந்த இரண்டு வாழைப்பழத்தை மேஜை மேல் வைத்து மறந்துவிடாமல் இருக்கட்டும். பழம் கறுப்பதற்குள் முடிவு செய்தால் சரி!