அம்பாசிடருக்குள் வேறு கம்பெனி எஞ்சின்: வைக்கலாமா, கூடாதா?

புதுச்சேரி ஒயிட் டவுன் தெருக்களில் பழைய அம்பாசிடரோ பத்மினியோ போனால் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால், பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அந்த காரோடு வந்த எஞ்சின்தானா? அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. உதிரி பாகம் தேடி அலைவதைவிட வேறு கார் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம் என்ற யோசனை வருவது இயல்புதான். வண்டி ஓடும். சிக்கல் தொடங்குவது ஆர்.சி. புக்கில்.

கம்பெனிகளே செய்ததுதானே?

ஆமாம். 1984-ல் வந்த கான்டெசாவின் உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர். முதலில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின். பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. 1990-களில் அதையே அம்பாசிடருக்கும் கொடுத்தார்கள். சென்னையில் 1985-ல் வெளியான ஸ்டாண்டர்ட் 2000 இதற்கு நேரெதிர்: நவீன ரோவர் உடலுக்குள் பழைய ஸ்டாண்டர்ட் எஞ்சின். சில ஆண்டுகளிலேயே அதன் கதை முடிந்தது.

அப்படியென்றால் நாம் செய்தால் என்ன தப்பு?

எஞ்சின் மட்டும் மாறினால் போதாது. கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் புது எடைக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கம்பெனி இதைச் சோதித்து ஒப்புதல் வாங்கும். பட்டறையில் அந்தச் சோதனைக்கு வழியில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இது மத்திய சட்டம். கோரிமேடு தாண்டி தமிழ்நாட்டுக்குள் போனாலும் இதேதான்.

எதற்கு அனுமதி உண்டு?

எரிபொருளை மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தலாம். அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின் வைத்தாலும் எஞ்சின் நம்பர் மாறிவிடும். பதிவு அதிகாரியிடம் சொல்லாமல் விட்டால் விபத்து இழப்பீடு கேட்கும்போதும் வண்டியை விற்கும்போதும் மாட்டிக்கொள்ள நேரும்.

வின்டேஜ் அந்தஸ்து என்ன ஆகும்?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டி வின்டேஜ் ஆகலாம். ஆனால், அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது. சேஸிஸ், உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வின்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம்.

1980-ல் பதிவான ஒரு கார் 2030-ல் இந்தத் தகுதியை எட்டும். இன்று அதில் வேறு எஞ்சின் ஏறினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

என்ன செய்யலாம்?

அசல் எஞ்சினை போரிங் செய்து, பிஸ்டன், ரிங் மாற்றி மீண்டும் ஓட வைப்பதுதான் முதல் வழி. செலவும் நேரமும் கூடும், உண்மைதான். பழுதான பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சேஸிஸோடு சேர்ந்து அந்த நம்பரும்தான் காரின் அடையாளம்.