மூன்றே பக்கம்

டெட்ராய்ட் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்துவந்தார் எட்மண்ட் கெட்டியர். விவாதத்தில் கெட்டிக்காரர். ஆனால் கட்டுரை எழுதுவதில் நாட்டமில்லை. எழுதாவிட்டால் வேலை நிரந்தரமாகாது, ஏதாவது எழுதுங்கள் என்று சக ஆசிரியர்கள் நச்சரித்ததாகச் சொல்வார்கள். ஒருவழியாக 1963-ல் 'அனாலிசிஸ்' இதழில் அவரது கட்டுரை வெளியானது. மூன்றே பக்கம்.

ஒன்றை நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்பத் தக்க காரணமும் உண்டு என்றால் அதுதான் அறிவு. பிளேட்டோ காலத்திலேயே சாயல் காட்டிய இலக்கணம் இது. கெட்டியர் ஒரு கதை சொன்னார். ஒரு வேலைக்கு ஸ்மித்தும் ஜோன்ஸும் போட்டி. வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று கம்பெனித் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிடுகிறார். ஜோன்ஸின் பாக்கெட்டில் பத்து நாணயங்கள் இருப்பதை ஸ்மித் எண்ணியும் பார்த்திருக்கிறார். ஆக, வேலை கிடைக்கப்போகிறவரின் பாக்கெட்டில் பத்து நாணயங்கள் என்று நம்புகிறார். கடைசியில் வேலை கிடைத்தது ஸ்மித்துக்கு. அவர் பாக்கெட்டிலும், அவருக்கே தெரியாமல், பத்து நாணயங்கள்! நம்பிக்கை, உண்மை, காரணம் மூன்றும் சரி. ஆனால் ஸ்மித்துக்கு 'தெரிந்திருந்தது' என்று யார் சொல்வார்கள்?

இந்த ஓட்டையை அடைக்க ஆல்வின் கோல்ட்மன், ராபர்ட் நோஜிக் என்று பெரிய தலைகளெல்லாம் முயன்றார்கள். கட்டுரைகள் மலையாகக் குவிந்தன. ஓட்டை அடைபட்டதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இந்தியத் தர்க்கம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டு பௌத்தரான தர்மோத்தரர் ஏறக்குறைய இதையே யோசித்திருக்கிறார். இறைச்சி வாட்ட மூட்டிய தீயில் இன்னும் புகை எழவில்லை. மொய்க்கும் பூச்சிகளைத் தூரத்திலிருந்து புகை என்று நினைத்து, அங்கே தீ இருக்கிறது என்கிறான் ஒருவன். தீ இருப்பது நிஜம்தான்.

கெட்டியர் 1967-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். சில சிறு குறிப்புகள் தவிர அப்புறம் அநேகமாக எதையும் வெளியிடவில்லை. வகுப்பில் மாணவர்களுக்குத் தர்க்கவியலில் புதுப்புது உத்திகளைச் சொல்லிக்கொடுத்தார். எழுதிவைக்கத் தோன்றவில்லை போலும். 2010-ல் நம் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்குக் கொண்டுவந்த மதிப்பெண் முறையில், தரமான இதழில் ஒரு கட்டுரைக்கு 15 மதிப்பெண். தத்துவத்தின் ஒரு கிளையையே புரட்டிப்போட்ட மூன்று பக்கத்துக்கும் அதே 15தான் விழுந்திருக்கும்.

2001-ல் ஓய்வுபெற்ற கெட்டியர், 2021 மார்ச்சில் தமது 93-வது வயதில் காலமானார்.