ஒரு பிள்ளை மயங்கினால் கேள்வி கிடையாதா?

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 40 பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம். என்ன நடக்கும்?

ஆம்புலன்ஸ் பறந்து வரும். அதிகாரிகள் காரில் வந்து இறங்குவார்கள். சாம்பாரைப் பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நம்மைப் போன்ற நிருபர்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஓடுவோம். மாலைக்குள் சமையல்காரருக்கு சஸ்பெண்டு உத்தரவு வந்துவிடும்.

சரி. 40 பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போகிறார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் உதடு வீங்கி, மூச்சு இழுத்துக் கீழே விழுகிறது. அப்போது என்ன நடக்கும்?

"காலையில சாப்பிடாம வந்திருக்கும்."

"வெயில்ல ஆடியிருக்கும்."

முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். சோடா வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போன் போடுவார்கள். அவ்வளவுதான்!

40 பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், ஒரு பிள்ளைக்கு இன்னொரு நியாயமா?

கேட் பக்கத்தில் ஒரு தாய்

வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். மதியம் மணி அடித்ததும் ஒரு தாய் டிபன் கேரியரோடு கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஓடி வருகிறான். வேப்பமர நிழலில் உட்கார வைத்து ஊட்டிவிடுகிறார். வாயைத் துடைத்து, கையைக் கழுவி உள்ளே அனுப்புகிறார். தினமும் இதே கதைதான்.

"ஏன் அக்கா, டப்பாவில் கொடுத்து அனுப்பக் கூடாதா?" என்று கேட்டோம்.

"எப்படி தம்பி அனுப்புவேன்? போன வருஷம் ஒரு பையனுக்குப் பொறந்த நாள். எல்லாப் புள்ளைங்களுக்கும் கடலை போட்ட சாக்லேட் கொடுத்திருக்காங்க. இவனும் வாங்கித் தின்னுட்டான். கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிப்பு. கண்ணு மூடிப்போச்சு. சூட்டுக் கொப்புளம்னு சொல்லி டீச்சர் தண்ணி தெளிச்சு உட்கார வச்சிருக்காங்க. ஆயாம்மாதான் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஓடினாங்க. ஆஸ்பத்திரியில தொடையில ஒரு ஊசி போட்டாங்க. கண்ணு திறந்தான்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அப்புறம் என்ன சொன்னார்களாம்?

"பொறுப்பு எடுத்துக்க முடியாது, நீங்களே வந்து ஊட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க."

இந்தத் தாய் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்றால் மகனுக்கும் லீவுதான். குற்றவாளி மாதிரி கேட்டுக்கு வெளியே நிற்கிறார். இவர் செய்த தப்பு என்ன?

சாப்பாட்டில் குற்றம் இல்லை

இதற்கு டாக்டர்கள் அலர்ஜி என்று பெயர் சொல்கிறார்கள். தமிழில் ஒவ்வாமை. 1906-ம் ஆண்டு வியன்னா டாக்டர் பிர்கே வைத்த பெயர் அது.

கெட்டுப்போன சாப்பாடு என்றால் சாப்பிட்ட பலருக்கும் கெடுதல். ஒவ்வாமை அப்படி அல்ல. சாப்பாடு நல்ல சாப்பாடுதான். பக்கத்துப் பையன் அதையே தின்றுவிட்டுக் கபடி ஆடுவான். இந்தப் பிள்ளையின் உடம்பு மட்டும் அந்தக் கடலையை, அந்த முட்டையை, அந்தப் பாலை எதிரி என்று தப்பாக நினைத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பும். அந்தச் சண்டையில் தோல் தடிக்கும். உதடு வீங்கும். வாந்தி வரும். முற்றினால் தொண்டை அடைக்கும். ரத்த அழுத்தம் விழும். சில நிமிஷத்தில் உயிருக்கே ஆபத்து.

சாம்பாரைப் பாட்டிலில் பிடித்து அனுப்பினால் இதில் ஒன்றும் தெரியாது. சாம்பாரில் குற்றம் இருந்தால்தானே தெரியும்!

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கத்திரிக்காய் தின்றால் அரிக்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஆபத்து அல்ல. ஆனால் எது சாதாரணம், எது ஆபத்து என்று டீச்சரோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ முடிவு கட்டக் கூடாது. டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். சந்தேக மரணம் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவார்கள். முன்பு 174. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் புதுச் சட்டத்தில் அது 194. நம்பர் மாறிவிட்டது. ஆனால் செத்துப்போன பிள்ளை கடைசியாக யார் டப்பாவில் இருந்து என்ன வாங்கித் தின்றது என்று கேட்டு எழுதிய ஒரு ரிப்போர்ட்டை இந்த நிருபர் இதுவரை பார்த்ததில்லை.

டோக்கியோவில் ஒரு பட்டியல்

வெளிநாட்டில் கேட்டு எழுதினார்கள். அதனால் தப்பு எங்கே என்று தெரிந்தது.

ஜப்பான். டோக்கியோ பக்கத்தில் சோபு நகரம். 2012-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஐந்தாம் வகுப்பு மாணவி. பால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மட்டும் சீஸ் போடாத அடை தனியாகச் செய்து கொடுத்தார்கள். அதுவரைக்கும் சரி. மீதி அடை இருந்தது. "யாருக்கு வேண்டும்?" என்று கேட்டபோது அவளும் கை தூக்கினாள். இரண்டாவது தடவை கொடுத்ததில் சீஸ் இருந்தது. அவளுக்கு எது கூடாது என்ற பட்டியல் டீச்சர் வசம் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. ஊசி மருந்து அவள் பையிலேயே இருந்தது. போடலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் நிமிஷங்கள் ஓடிவிட்டன. பிள்ளை இறந்துவிட்டாள்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணம். 2003-ம் ஆண்டு. 13 வயது மாணவி. பள்ளிக்கூட கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றாள். அதில் பால் பொருள் ஒட்டியிருந்தது. சீஸ் எடுத்த அதே இடுக்கியால் வறுவலையும் எடுத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. ஊசி லாக்கரில் இருந்தது. எடுத்து வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த மாகாண அரசு சும்மா இருக்கவில்லை. 2005-ல் அந்தப் பெண் பெயரிலேயே சப்ரீனா சட்டம் கொண்டு வந்தார்கள். ஆபத்துள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் திட்டம். ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி. அவசரத்தில் ஊசி போட ஆசிரியருக்கு அதிகாரம்.

லண்டன். 2017-ம் ஆண்டு. 13 வயது மாணவன். சக மாணவன் விளையாட்டாக ஒரு துண்டு சீஸை அவன் மேல் வீசினான். தின்னக்கூட இல்லை. தோலில் பட்டது. சில நாளில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஊசி காலாவதியானது என்று விசாரணையில் தெரிய வந்தது. தோலில் பட்டு இப்படி ஆவது மிக மிக அபூர்வம். ஆனால் கேலி செய்வது அபூர்வம் அல்ல. நம்ம வகுப்பிலும் "இவனுக்குக் கடலையைக் காட்டு, ஓடுவான் பாரு" என்று சொல்ல ஒரு பையன் இருப்பான்.

ஒரு பட்டியல். ஒரு ஊசி. ஒரு கேலி. மூன்று சாவுக்கும் இவைதான் காரணம். மூன்றையும் தடுத்திருக்கலாம்.

நம்ம டப்பாவில் என்ன?

அதெல்லாம் வெளிநாட்டு வியாதி, நமக்கு வராது என்று ஒரு பேச்சு. கேட்டில் நிற்கும் தாயிடம் போய்ச் சொல்லுங்கள், பார்ப்போம்!

நம்ம சாப்பாட்டில் ஒளிந்திருப்பது எத்தனை? எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலை. பொங்கலில் முந்திரி. குருமாவில் அரைத்து விட்ட முந்திரி, கண்ணுக்கே தெரியாது. கேக்கில் முட்டை. பிஸ்கட்டில் பால் பவுடர். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு! இறால் வறுத்த எண்ணெயிலேயே கிழங்கைப் போட்டு எடுத்தால், கிழங்கும் இறால் மாதிரிதான்.

பாக்கெட்டில் விற்பதற்கு விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிப்படி கோதுமை, பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா இருந்தால் உறையில் சொல்லியாக வேண்டும். சொல்கிறார்கள், எறும்பு எழுத்தில்! ஆனால் பள்ளிக்கூட வாசலில் தட்டில் வைத்து விற்கும் பண்டத்துக்கு லேபிள் ஏது?

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளைகள் வயிறு நிறைந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. பழக்கத்தால் சாப்பிடாத பிள்ளைக்கு வழி செய்தவர்கள், உடம்புக்கு ஆகாத பிள்ளைக்கும் வழி செய்ய முடியாதா? முட்டையை எடுத்துவிட்டு அதே தட்டை நீட்டினால் போதாது. தட்டு வேறு, கரண்டி வேறு வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

கோடி ரூபாய் திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை.

பிள்ளையைச் சேர்க்கும் பாரத்தில் ஒரு வரி சேருங்கள்: "எந்தச் சாப்பாடாவது ஆகாதா? டாக்டர் என்ன சொன்னார்?" சாதியைக் கேட்கும் பாரத்தில் இதற்கு இடம் இல்லையா?

அந்தப் பிள்ளையின் பெயர், படம், எது கூடாது, என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும் என்று ஒரு தாள் எழுதுங்கள். வகுப்பு டீச்சர், பி.டி. மாஸ்டர், சமையல்கூடம், ஆயா எல்லோர் கையிலும் அது இருக்கட்டும். டீச்சர் லீவு போட்டால் வேறு டீச்சர் வருவாரே, அவருக்கும் தெரிய வேண்டும்.

பிறந்த நாளைக்கு இனிப்புக்குப் பதில் பென்சில், ரப்பர் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு எல்லாப் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கடலைப் பசை வெறும் தண்ணீருக்குப் போகாது.

பிள்ளையைத் தனியே மூலையில் உட்கார வைக்காதீர்கள். அது தண்டனை. தோழர்களோடு உட்காரட்டும். டப்பா மட்டும் மாற வேண்டாம்.

ஆபத்து வந்தால் எப்படித் தெரியும்? சாப்பிட்ட சில நிமிஷத்தில், சில சமயம் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, குரல் கம்முதல், இருமல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் வரும். மூச்சுத் திணறினாலோ, மயங்கினாலோ ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது. 108-க்குப் போன் போடுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். சோடா வேண்டாம், பால் வேண்டாம்.

காப்பாற்றும் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையில் போடுவது. அரிப்புக்குப் போடும் மாத்திரை இந்த ஆபத்தை நிறுத்தாது. அட்ரினலின் ஒன்றும் புது மருந்து இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. வெளிநாட்டில் பேனா மாதிரி செய்து, பிள்ளையின் பையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் பள்ளிக்கூடங்களே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊரில் அந்தப் பேனா ஊசி எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. அரசு நினைத்தால் வரவழைக்க முடியும். அதுவரை டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மருந்தைப் பள்ளிக்கூடத்தில் வைக்கவும், பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் போடவும் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஓர் உத்தரவு போடட்டும். நல்ல எண்ணத்தில் ஊசி போட்ட டீச்சரைப் பிறகு கேஸ், கோர்ட் என்று அலைய விடமாட்டோம் என்றும் அதில் எழுதட்டும். டீச்சர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பயம்தான் அவர்கள் கையைக் கட்டிப் போடுகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மறைக்காதீர்கள். "சொன்னால் அட்மிஷன் தரமாட்டார்கள்" என்று பயந்து மறைத்தால், பிள்ளைக்குத்தான் ஆபத்து.

பள்ளிக்கூட நிர்வாகிகளுக்குக் கடைசியாக ஒன்று. "பொறுப்பு எடுத்துக்க முடியாது" என்று ஒரு தாயிடம் சொன்னீர்களே, காலை மணி அடித்து கேட்டைச் சாத்தினால், உள்ளே இருக்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு? வாட்ச்மேனா?

நாளை மதியமும் அந்தத் தாய் வேப்பமரத்தடியில் நிற்பார். அவரை உள்ளே கூப்பிடுங்கள். நாற்காலி போடுங்கள். மகனுக்கு என்ன ஆகாது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து நிமிஷ வேலை. ஓர் உயிர் மிச்சம்!